திருநாளைப்போவார் குடும்பம்

விழுப்புரத்திலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணந்தான். இந்த இரண்டு மணி நேரத்தைக் கடப்பதற்கு நம் அன்னையாருக்கு எழுபத்திரண்டு வருஷங்கள் பிடித்தன. இதைக் கேட்டு நேயர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு, தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிரயாணம் காத்துக் கிடக்கிறதா என்று கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.

காரணம் சொல்வதற்கு நம்மைப்போல் சமர்த்தர் உலகத்தில் இல்லை. ஒரு மார்கழியில் திருவாதிரைக்குப் போகலாம் என்று நினைத்தோம். அரையாண்டுப் பரீட்சைத் தாள்கள் மூட்டையாக வந்து சேர்ந்தன. மறு மார்கழியில் மழை. அதற்கடுத்த வருஷம் வீட்டில் பிரசவம். பிறகு ஆனித் திருமஞ்சனத்துக்குப் போகலாம் என்றோம். பள்ளிக்கூடம் திறந்து புதுப் பிள்ளைகள் சேரும் சமயமாய்ப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அன்னையார், "அதற்கென்ன, நாளைக்குப் போனால் போகிறது" என்று நமக்குச் சமாதானம் சொல்லி அடுப்பங்கரைக்குத் திரும்பி விடுவார்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. நாம் பட்டம் பெற்றதே அண்ணாமலை நகரில்தான். ஐந்து வருஷம் அங்கே விடுதியில் இருந்து படித்தோம். மாதந்தோறும் பணம் வரும். பணத்தோடு முறுக்கும் பொருள்விளங்காய் உருண்டையும் வரும். அனுப்பிய கை மட்டும் வந்ததில்லை. "ஒரு தடவை வாருங்கள் அம்மா" என்று நாமும் வற்புறுத்திக் கூப்பிட்டதில்லை.

சென்ற ஐப்பசியில் அன்னையார் வாசற்படியில் இடறி விழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் போலும் என்று எண்ணிக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணாடியில் பிசகில்லை. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு கொஞ்சங் கொஞ்சமாகப் பட்டுப் போகும் வியாதி என்று அவர் சொன்னார். இந்த வியாதி வலி தெரியாமல் வருகிறது. பெரும்பாலும் பக்கப் பார்வை முதலில் போய், நடுப் பார்வை கடைசி வரையில் நிற்கிறது. ஆகையால் நோயாளிக்கே தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் காப்பாற்ற முயலலாம். தாய் தந்தையருக்கு இருந்தால் நாற்பது வயது கடந்த மக்களும் தங்கள் கண்களைச் சோதித்துக் கொள்வது அவசியம் என்றும் வைத்தியர் கூறினார். நேயர்களில் யாருக்கேனும் இது பயன்படுமென்றே இங்கே எழுதுகிறோம்.

அன்னையாருக்கு இப்போது உலகம் மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது போல் தெரிகிறது. அந்தக் குழாயும் எத்தனை காலம் என்று யாரும் சொல்வதற்கில்லை. வைத்தியர் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அவர், "இனிமேல் 'நாளைக்கு' என்று சொன்னால் நடக்காது போல் இருக்கிறதேடா, தம்பி" என்றார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம்.

குண்டு அளந்த நாடு

நாம், நம் மனைவி, பத்து வயதுப் புதல்வி, அன்னையார் ஆக நால்வர். விடியுமுன் ரயிலேறி, வெயில் வருமுன் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினோம். கடலூருக்கு இரண்டு ரயில் நிலையங்கள். கடலூர்த் துறைமுகச் சந்திப்பு பழைய பட்டினத்துக்கு உரியது. புதுநகரத்தைப் பார்க்க வேண்டியவர்கள் திருப்பாதிரிப்புலியூரிலேயே இறங்குவது சௌகரியம்.

அன்னையார் மூன்றே காரியங்கள் கேட்டிருந்தார். கடலில் கால் நனைக்க வேண்டும். நடராஜப் பெருமானைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேத்திக்குச் சிதம்பரத்தில் வளையல் வாங்கிப் போட வேண்டும். மற்றவையெல்லாம் நம் சொந்த ஆசை.

நிலையத்துக்குச் சமீபத்திலேயே பாடலீசுவரர் கோயில் இருக்கிறது. அம்பிகை பெரியநாயகி. பாதிரி மரம் இத்தலத்து விருட்சம். ஊரின் பெயரும் அதனால் வந்ததே. சமண நூலான லோகவிபாகம் கி. பி. 458-ல் பாடலிபுரத்தில் முற்றுப் பெற்றதாக அந்நூலே கூறுகிறது. அந்தப் பாடலிபுரம் இவ்வூர்தான் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. பின்பு சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும், கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்தது என்றும் வரலாறு. அவர் கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர்.

கோயிலை விட்டு வெளியே வந்து, ஒரு சிற்றுண்டிச் சாலையில் இட்டலியும் பொங்கலும் சாப்பிட்டோம். பொங்கலில் மிளகு தாராளமாகவும் முந்திரிப் பருப்பு அதைவிடத் தாராளமாகவும் இருந்தன. இதில் ஆச்சரியமில்லை. பண்ருட்டி முந்திரிக் காடு இந்த ஜில்லாவில்தானே இருக்கிறது? கடைத்தெருவில் அன்னையார் முதல் வியாபாரத்தை நடத்தினார். கடைக்காரர் முந்திரிப் பருப்பைத் தட்டில் பரப்பிக் காட்டினார். அன்னையார் தட்டைப் பார்க்கவேயில்லை. ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே நழுவ விட்டார். "முழுப் பருப்பு என்று சொல்லிப் பாதிப் பருப்பைக் கலந்து வைத்திருக்கிறாயே, அப்பா" என்றார். கடைக்காரர் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, உள்ளேயிருந்து வேறு பொட்டலம் எடுத்து வந்தார்.

பிறகு ஓர் ஆட்டோ வண்டியில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சென்றோம். வெள்ளிக் கடற்கரை என்று அழைக்கிறார்கள். காலை வெயிலில் அந்தப் பெயருக்குக் குறைவில்லை. அகன்ற மணல், கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கண்ணாடி நார்ப் படகுகள், உலரும் வலைகள். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் இந்தக் கடல்தான் எழுந்து வந்து இந்தக் குப்பத்தைச் சூறையாடியது. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, வீடுகளையும் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் முறித்துப் போட்டது. அவ்வளவையும் கண்ட ஜனங்கள் மறுபடியும் இதே மணலில் உட்கார்ந்து வலை பின்னிக் கொண்டிருக்கிறார்கள்.

அன்னையார் கணுக்கால் வரையில் நனைந்து நின்றார். பேத்தி கையைப் பிடித்துக் கொண்டிருந்தாள். "கடல் மட்டும் குறையவில்லை, பாப்பா. எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய் நிறையத் தண்ணீர்தான்" என்றார். நாம் வேறு பக்கம் பார்த்துக் கொண்டோம்.

அருகில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை செடி மூடிய சில சிதைந்த சுவர்களே. ஆனால் இந்தக் கோட்டையின் கிரயப் பத்திரத்தைப் போன்ற ஒன்றை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. 1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடம் இதை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்! கம்பெனியார் சும்மா இருப்பார்களா? மிகுந்த தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து வைத்துச் சுட்டார்கள். குண்டின் எல்லைக்குள் விழுந்த ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்ற பெயர் ஏற்பட்டது. குண்டு உப்பலவாடி என்னும் ஊரும் குண்டு சாலை என்னும் வீதியும் இன்றும் அதற்குச் சாட்சி. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, இந்தக் கோட்டையே சோழ மண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமாயிற்று. 1756-ல் ராபர்ட் கிளைவ் இதற்குக் கவர்னராக வந்தார். 1758-ல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி பிடித்து இடித்துத் தள்ளினார். அளந்தவரும் போனார், இடித்தவரும் போனார். உப்பலவாடி மட்டும் இருக்கிறது.

கடலூரின் பெருமை அந்நியர் கோட்டையில் இல்லை என்பது நம் அபிப்பிராயம். 1918 நவம்பர் 20-ந் தேதி பாரதியார் புதுச்சேரியை விட்டுப் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதானார். டிசம்பர் 14-ந் தேதி விடுதலையாகும் வரையில் அவரை வைத்திருந்தது இவ்வூர்ச் சிறையில்தான். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள் 1927-ல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் சிறை சென்ற வீராங்கனை. காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது அவரைச் சந்திக்க விடாமல் அம்மாளுக்கு அதிகாரிகள் தடை போட்டார்களாம். அம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் ஏறிச் சென்று சந்தித்து விட்டாராம். இந்தக் கதையைக் கேட்ட அன்னையார், "பார்க்க வேண்டும் என்று நினைத்தவள் பார்த்துவிட்டாள்" என்றார். யாருக்காகச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரிலும், ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்திலும் பிறந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கொண்டால், சிறுகதைக்கும் இந்த ஊருக்கும் ஏதோ பந்தம் இருக்கிறதென்று தோன்றுகிறது.

கொத்சுப் புராணம்

முற்பகல் ரயிலில் சிதம்பரம் புறப்பட்டோம். நாம் படித்த காலத்தில் இது மீட்டர் கேஜ் பாதை. வண்டி நிதானமாக, வயல்களை விசாரித்துக்கொண்டே போகும். 2010-ல் அகலப் பாதையாக்கிய பிறகு விசாரணை குறைந்து வேகம் கூடியிருக்கிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நிலையங்கள் வருகின்றன. இடையிடையே சவுக்குத் தோப்பு. பரங்கிப்பேட்டை போர்த்துக்கீசியர் வைத்த துறைமுகம். 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் போர் நடந்ததும் அங்கேதான். வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டி செல்லும்போது அன்னையார் சத்தத்தைக் கொண்டே, "ஆறு வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

கிழக்கே சிறிது தூரத்தில் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்குமிடத்துக்கு நடுவில், உப்பங்கழிகளில் சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த காடு அது. தில்லை மரமும் அங்கே வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தைச் சிதம்பரத்துக்குள் தேடுவதைக் காட்டிலும் பிச்சாவரத்தில் தேடுவது சுலபம். படகில் சென்று பார்க்க ஒரு முழு நாள் வேண்டுமாதலால் அதை விட்டுவிட்டோம்.

சிதம்பரத்தில் நடுப்பகலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் இளைப்பாறுவதற்கும் வைத்துக் கொள்க.

சிதம்பரத்துக்கு வந்து கொத்சு சாப்பிடாமல் போகிறவன் பாதி யாத்திரைதான் செய்தவன். நடராஜப் பெருமானுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் நைவேத்தியமாவது இத்தலத்து வழக்கம். சம்பா சாதம் என்பது மிளகையும் சீரகத்தையும் நெய்யில் வறுத்துப் பொடித்துச் சாதத்தில் கலந்தது. பார்வைக்கு எளியது, வாசனைக்கு இராஜ போகம். கொத்சுக்குக் கத்தரிக்காயை வதக்கி மசித்துப் புளிக் கரைசலில் கொதிக்க விடுவார்கள். தனியா, கடலைப் பருப்பு, மிளகாய் இவற்றை வறுத்துப் பொடித்துத் தூவி, நல்லெண்ணெய் மிதக்க இறக்குவார்கள். சாம்பாரைப் போல் பருப்பை வேகவைத்துச் சேர்ப்பதில்லை. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று விட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். அதுதான் கொத்சின் தர்மம்.

தேர் வீதி ஒன்றில் இருந்த சிற்றுண்டிச் சாலையில் இட்டலிக்குக் கொத்சு பரிமாறினார்கள். நம் மனைவி ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, "தனியா கொஞ்சம் அதிகம், இல்லையா அத்தை?" என்றாள். "தனியா சரிதான், கண்ணு. வெந்தயம் ஒரு துளி போட்டிருக்கிறான்" என்று அன்னையார் தீர்ப்புக் கூறினார். பரிமாறியவர் உள்ளே போய் விசாரித்து வந்து, உண்மைதான் என்று ஒப்புக் கொண்டார். மாமியாரும் மருமகளும் சமையலில் ஒருமித்த அந்தக் காட்சி நம் வீட்டில் அபூர்வமாதலால் சரித்திரத்தில் பதிவு செய்து வைக்கிறோம்.

படித்த இடம்

நடை திறப்பதற்குள் அண்ணாமலை நகரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். 1920-ல் மீனாட்சி கலாசாலையாகத் தொடங்கி, இராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-ல் சர்வகலாசாலையானது இது. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் தலைவராக இருந்தார். 1941-ல் தமிழிசை மகாநாடு இங்கே கூடி, கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டுமென்று கேட்டது. 2013-ல் இயற்றிய சட்டத்தினால் இப்போது அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது.

விடுதி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அன்னையார். "உன் அறை எது?" என்று கேட்டார். மாடியில் ஒரு ஜன்னலைக் காட்டினோம். அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அந்த ஜன்னலைக் குழாய்க்குள் கொண்டு வந்து நிறுத்திக் கொள்ள நேரம் ஆயிற்று. "காற்று வருமா?" என்று கேட்டார். "வரும், அம்மா." "நான் புழுக்கமாக இருக்குமோ என்று நினைத்துக் கொண்டேயிருந்தேன்." இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் சொல்ல நாம் அழைத்து வந்திருக்க வேண்டும்.

சந்நிதியில்

மாலையில் கீழச் சந்நிதி வழியாகக் கோயிலுக்குள் புகுந்தோம். நான்கு திசைக்கும் ஏழு நிலைகளோடு நான்கு கோபுரங்கள். அவற்றின் வாயில்களில் பரத சாஸ்திரம் கூறும் நூற்றெட்டுக் கரணங்களைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் கலிங்க வெற்றியின் நினைவாக எடுத்தது. உள்ளே சிவகங்கைத் தீர்த்தம், ஆயிரக்கால் மண்டபம். சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றியது அந்த மண்டபத்தில் என்பது மரபு. சிற்சபைக்கு முதலாம் பராந்தக சோழன் பொன் வேய்ந்தான். கூரையின் பொன் ஓடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்றும், ஆணிகள் 72,000 நாடிகளின் கணக்கு என்றும் சொல்வார்கள். ஓரிடத்தில் நின்றபடியே நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவிக்கலாம் என்பது இக்கோயிலின் தனிச் சிறப்பு.

இந்தக் கூத்தின் புகழ் கடல் கடந்து போயிருக்கிறது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918-ல் இதன் பெயரையே வைத்து ஒரு நூல் வெளியிட்டு, மேல் நாட்டாருக்கு இதன் பொருளை விளக்கினார். 2004-ல் ஜினீவாவில் உள்ள அணுத் துகள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்தியா ஒரு நடராஜ வடிவத்தைப் பரிசளித்தது. அணுவைப் பிளந்து பார்க்கிற விஞ்ஞானிகளின் வாசலில் அது நிற்கிறது.

தெற்கு வாயிற் பக்கம் வந்தபோது நந்தனார் நினைவு வந்தது. ஆதனூரில் பிறந்து, தில்லைக்கு "நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர். அவரைத் தடுத்தது சோம்பல் அன்று. பிறப்பைக் காட்டி ஊரார் போட்ட வேலி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளில் வரும் ஆண்டையோ, பயிர் வேலையைச் சாக்குச் சொல்லி உத்தரவு கொடுக்க மறுக்கிறார். அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்குக் கல்வி தந்தார். சென்னை மாகாணத்தில் சகல ஹிந்துக்களுக்கும் ஆலயம் திறக்கச் சட்டம் வந்தது 1947-ல். நந்தனாருக்கு வேலி இருந்தது. நம் அன்னையாருக்கு என்ன வேலி இருந்தது? பரீட்சைத் தாளும் அடுப்பும் நம் அசட்டையும்தான். அந்தப் பயிர் வேலை ஆண்டையின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தபோது, தலை தானே குனிந்தது.

தீபாராதனை சமயத்துக்குச் சந்நிதியில் நின்றோம். கூட்டம் மிதமாக இருந்தது. மணிகள் ஒலித்தன. உள்ளே வெளிச்சம் குறைவு. மங்கிய வெளிச்சத்தில் அன்னையாருக்கு இன்னும் சிரமம். தீபம் உயர்ந்தது. நாமெல்லாம் ஒரே பார்வையில் முகமும் கரமும் பாதமுமாகக் கண்டு கன்னத்தில் போட்டுக் கொண்டோம். அன்னையார் கழுத்தை நீட்டித் தேடிக் கொண்டிருந்தார். தீபம் இறங்கிற்று.

"தெரிந்ததா, அம்மா?"

"தூக்கிய திருவடி தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. முகத்துக்கு வருவதற்குள் தீபத்தை இறக்கிவிட்டார்."

பிறகு ரகசியத்தின் திரையை விலக்கிக் காட்டினார்கள். அங்கே விக்கிரகம் கிடையாது. ஆகாசமே இறைவன் என்று காட்டும் வெற்றிடத்தின் முன் பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன. அன்னையார் பேத்தியின் தோளைத் தொட்டு, "உனக்கு என்ன தெரிகிறது, பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒன்றுமே இல்லை, பாட்டி. தங்க இலை மாலை தொங்குகிறது. அதற்குப் பின்னால் வெறும் இடம்."

"அப்படியா? எனக்கும் அதேதான் தெரிகிறது" என்றார் அன்னையார். அன்று முழுதும் இல்லாத திருப்தி அவர் குரலில் இருந்தது.

வளையலும் வடிவமும்

சந்நிதித் தெருக் கடைகள் விளக்கு ஏற்றிக் கொண்டிருந்தன. குங்குமம், விபூதி மடல், படங்கள், மரச் செப்பு, கண்ணாடி வளையல் எல்லாம் கிடைக்கும். விலை முதலில் சொல்வது ஒன்று, முடிவது ஒன்று; நேயர்கள் தைரியமாகக் கேட்கலாம். வளையற்கடையில் அன்னையார் பேத்தியின் கையைக் குவித்துப் பிடித்து அளவு பார்த்து, அரக்கு நிறத்தில் ஒரு டஜன் வாங்கினார். நிறம் மட்டும் மருமகள் சொன்னாள். அளவு அவருடையது. ஒன்றுகூட உடையாமல் ஏறிற்று.

அடுத்த கடையில் பித்தளை நடராஜ வடிவங்கள் வரிசையாக இருந்தன. அன்னையார் சாண் உயரத்தில் ஒன்றை மடியில் வைத்துக் கொண்டு விரல்களால் தடவினார். முயலகன் முதுகு, ஊன்றிய பாதம், தூக்கிய பாதம், இடுப்பு, உடுக்கை பிடித்த கை, தீ ஏந்திய கை. பிறகு இரண்டு கட்டை விரல்களும் முகத்தின்மேல் வெகு நேரம் நின்றன. கடைக்காரர் பொறுமைசாலி, மற்ற வாடிக்கைக்காரரைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"கோயிலில் இப்படித் தொட்டுப் பார்க்க விடுவார்களா? இதை வாங்கடா தம்பி" என்றார் அன்னையார். பேரம் பேச வாயெடுத்த நாம் மூடிக் கொண்டோம். ஆனால் அன்னையார் பேசினார். நூறு ரூபாய் குறைத்தார்.

இரவு வண்டிக்காக நிலையத்தில் காத்திருந்தோம். புதல்வி மடியில் தூங்கிப் போனாள்; வளையல்கள் அசையும்போதெல்லாம் சத்தம் கேட்டது. பொட்டலத்தை மார்போடு அணைத்துக் கொண்டிருந்த அன்னையார், "இன்று பாதம் பார்த்தாயிற்று. முகம் பாக்கி இருக்கிறது" என்றார்.

"அதற்கென்ன அம்மா, இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தோம்.

"இன்னொரு தடவை என்று சொல்லாதே. தேதி சொல்லு."

சட்டைப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தோம். ஆனித் திருமஞ்சனத்தன்று கூட்டம் நெரியும்; அதற்கு அடுத்த சனிக்கிழமை என்று எழுதினோம். பள்ளிக்கூடத்தில் அன்று சிறப்பு வகுப்பு வைத்தாலும் வைப்பார்கள். விடுமுறை விண்ணப்பத்தை வண்டியிலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் விழுப்புரத்தில் இறங்கினோம்.